கோட்டைக்குள் ஒரு கோவில்: சுவர் எங்கே நிற்கிறது?

விரிஞ்சிபுரத்து ஜனங்களுக்கு மதிலின் பெருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மார்க்கபந்தீசுவரர் கோவிலின் மதிலழகு ஊரூராகப் பேசப்படுவது. பாலாற்றங்கரையில் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் போகிற நமது கூலி விவசாயிகள் அந்த மதிலின் ஓரமாகத்தான் நடந்து போகிறார்கள். அந்தக் கல்லைப் பிளந்தவர்கள், சுமந்தவர்கள், ஏற்றி நிறுத்தியவர்கள் யார்? அவர்களுடைய பெயரைச் செதுக்கி வைக்க யாரும் மெனக்கெடவில்லை. சென்னை மாகாணத்துக் கோவில்களின் கதவைச் சகல சாதியாருக்கும் திறந்துவிட்ட சட்டம் 1947ல்தான் வந்தது. அதுவரை, மதில் கட்டியவனின் பேரன் மதிலழகை வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்!

ஆனால் இந்த வாரம் நாம் பேச வந்தது அந்த மதிலைப் பற்றி அல்ல. விரிஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயத்தைப் பற்றி. அதை ஜனங்கள் கோட்டைச் சர்ச்சு என்றே சொல்வார்கள்.

“கம்யூனிஸ்டுகளுக்குச் சர்ச்சு எதற்கு, கூலியைப் பற்றி எழுதுங்கள்” என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கூலியைப் பற்றி வாராவாரம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் பாடுபடும் தோழர்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோவிலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது, அவர்களிடையே வேலை செய்கிற நமக்குத் தெரியும். அவர்கள் வாழ்விலும் சாவிலும் இடம் பிடித்திருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி நமக்குக் கருத்தில்லை என்றால், அவர்களுடைய ஆறு நாளைப் பற்றிப் பேசிவிட்டு ஏழாவது நாளில் வாயை மூடிக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம்.

சென்ற மாதம் தோல் ஷாப்புத் தோழர்கள் சிலரோடு கோட்டைக்குப் போயிருந்தோம். அகழியைத் தாண்டி உள்ளே நுழைந்தால் விஜயநகர காலத்துக் கருங்கல் கோட்டை. உள்ளே ஜலகண்டேசுவரர் கோவில், ஒரு மசூதி, இந்தச் சர்ச்சு. மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைக் காட்டி “மத ஒற்றுமைக்குச் சின்னம்” என்று பிரசங்கம் செய்வது வழக்கமாகிவிட்டது. சற்று நிதானித்துப் பார்ப்போம். வெள்ளையன் காலத்தில் ஜலகண்டேசுவரர் கோவில் ஆயுதக் கிடங்காக இருந்தது. சாமியில்லாமல் கிடந்த அந்தக் கோவிலில் லிங்கம் மறுபடி வைக்கப்பட்டது 1981ல்தான். மசூதியில் தொழுகை நடப்பதில்லை. சர்ச்சில் மட்டும் ஆராதனை நடந்துகொண்டே இருந்தது. இது ஒற்றுமையின் சின்னமா, துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதன் சின்னமா?

சர்ச்சு கட்டப்பட்டது 1846ல். கட்டியது கும்பினி சர்க்கார். கோட்டையில் இருந்த வெள்ளைப் பட்டாளத்துக்காகக் கட்டியது. அந்த வருஷத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டு பின்னால் போனால் என்ன தெரிகிறது? 1806 ஜூலை 10. அன்று விடியுமுன் இதே கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை வைக்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு குஞ்சம்! எந்த மிருகத்தின் தோலோ என்று இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்து கொதித்தார்கள். நம்மைக் கிறிஸ்தவராக்கப் பார்க்கிறார்கள் என்ற அச்சமும் சேர்ந்தது. திப்புவின் குடும்பம் இதே கோட்டையில் காவலில் இருந்தது. அவர்களுடைய கொடி கோட்டையில் ஏறியது. ஒரே நாள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தான். அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த நாளில் செத்த சிப்பாய்களின் மொத்தக் கணக்கு அதைவிடப் பல மடங்கு. 1857க்கு அரை நூற்றாண்டு முந்திய எழுச்சி இது. அதன் இருநூறாவது ஆண்டில், 2006ல், இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது. மக்கான் பக்கம் நினைவுத் தூணும் நிற்கிறது.

இந்த ரத்தம் காய்ந்த தரையில்தான் நாற்பது ஆண்டு கழித்துச் சர்ச்சு எழுந்தது. பணம் எங்கிருந்து வந்தது? கும்பினியின் கஜானாவிலிருந்து. கஜானாவுக்கு? 1801ல் கர்நாடகத்தைக் கும்பினி எடுத்துக்கொண்ட பிறகு, அதன் வருமானத்தில் பெரும் பங்கு நிலவரி. பட்டாளத்துப் பாதிரிமாருக்குச் சம்பளமும் அதே கஜானாவிலிருந்துதான். பாலாற்றங்கரை உழவன் சிவனைக் கும்பிட்டாலும் சரி, மாரியம்மனைக் கும்பிட்டாலும் சரி, வெள்ளைப் பட்டாளத்தின் பூசைக்கு வரி கட்டினான். அவனை யாரும் கேட்கவில்லை.

ஆகையால் அது நமக்கு அந்நியக் கட்டடமா? இல்லை என்பதே நமது கருத்து. காரணத்தைச் சொல்கிறோம்.

கோட்டைக் கோவிலின் கல்யாண மண்டபத்தில் நுழைந்தால் கண் கூசிப்போகிறது. தூணுக்குத் தூண் யாளி, குதிரை, வீரன். உளி பிடித்த தச்சன் கல்லை மெழுகாக்கியிருக்கிறான். சர்ச்சில் அப்படி ஒன்றும் இல்லை. ஆடம்பரமில்லாத, சுண்ணாம்பு பூசிய கட்டடம். மேனாட்டுப் பழைய பாணியில் ஒரு முகப்பு. உள்ளே ஒரு கூடம். அவ்வளவுதான். எங்களோடு வந்த ஒரு தோழர், “இன்னா தோழரே, இதுல பாக்கறதுக்கு இன்னா கீது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பார்க்க வேண்டியது சிற்பத்தை அல்ல, அமைப்பை. கோவில் என்பது சாமியின் வீடு. நடுவில் இருட்டான சின்ன அறை. அதைச் சுற்றிப் பிராகாரம், அதைச் சுற்றி மதில், மதிலில் கோபுரம். உள்ளே போகப் போக இடம் குறுகும், ஆளும் குறைவார்கள். கடைசி அறைக்குள் பூசாரி ஒருவர்தான். சர்ச்சு அப்படியல்ல. அது ஜனங்கள் கூடுகிற கூடம். எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பக்கம் பார்த்து, ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒருவர் பேசுவது எல்லார் காதிலும் விழ வேண்டும். அதற்காகத்தான் நீளக் கூடமும் உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும். நமது சங்கக் கூட்டத்துக்கு மண்டபம் தேடி அலைகிற நமக்கு இந்த அமைப்பின் அருமை சட்டென்று விளங்குகிறது!

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. கோவிலில் சாதி வாசலில் நின்றது, மதிலே போதுமானதாயிருந்தது. சர்ச்சில் வாசலில் நிற்க முடியாது, எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாயிற்று. ஆகவே சாதியும் கூடவே உள்ளே வந்து பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டது. பட்டாளத்துச் சர்ச்சுகளில் அதிகாரி முன்னால், சோல்ஜர் பின்னால். நம் ஊர்ச் சர்ச்சுகளில் பதவிக்குப் பதில் பிறப்பு.

இது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் சாட்சி சொல்லும். அங்கே திருக்குடும்பக் கோவிலை 1872ல் எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? ஒரு கூடம் அல்ல, இரண்டு கூடம். ஒரு பக்கம் வேளாளர். மறுபக்கம் நாடார் முதலானோர். இரண்டும் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல விரிந்து, பீடத்தருகே வந்து சேரும். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்தானுக்கு அந்தப் பக்கத்தான் தெரியமாட்டான்! ஜனங்கள் அதற்குக் கால்சட்டைக் கோவில் என்றே பெயர் வைத்தார்கள். ஏசு ஒருவர், பீடம் ஒன்று, காலோ இரண்டு. கணக்குத் தெரிந்த கொத்தனும் பாதிரியும் உட்கார்ந்து யோசித்துச் சாதிக்கு வரைபடம் போட்டுக் கட்டிய கட்டடம் அது. 1910ல் இடைச்சுவரைத் திருச்சபையே இடித்தது. சுவர் போனால் எங்கள் உரிமை போயிற்று என்று மேல்சாதியார் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

தோழர்கள் கவனிக்க வேண்டும். சுவர் தானாக விழவில்லை. எத்தனையோ ஆண்டு பூசலுக்கும் மனுவுக்கும் பிறகு விழுந்தது.

நமது வட ஆற்காட்டுக் கதை வேறு விதம். இங்கே பட்டாளத்துச் சர்ச்சுக்கு வெளியே, 1853ல் அமெரிக்க ஆற்காடு மிஷன் வந்தது. ஸ்கட்டர் குடும்பத்து அண்ணன் தம்பிகள் தொடங்கியது. சபைக்குள் சாதி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருந்தார்கள். மேல்சாதியார் அதிகம் வரவில்லை. சேரி ஜனங்கள் வந்தார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கஞ்சிக்காக வந்தார்கள் என்று ஏளனம் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. பசித்தவன் கஞ்சிக்கு வருவதில் என்ன வெட்கம்? அந்தப் பஞ்சத்தில் நெல்லைப் பூட்டி வைத்தவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்! மேலும் கஞ்சி தீர்ந்த பிறகும் அவர்கள் இருந்தார்கள். ஏன்? சேரிப் பிள்ளையின் கையில் சிலேட்டு கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார் என்று சொன்ன இடம் வேறு எது இருந்தது?

அந்த மிஷனின் ஊரீஸ் கல்லூரி 1898 முதல் வேலூரில் நிற்கிறது. அந்தக் குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கட்டர் 1900ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை இன்று நாடறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. பெண்களுக்கு ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் சாகவிட்ட காலம் அது. 1918ல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி தொடங்கினார். இதையெல்லாம் நாம் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேரிக்குப் பள்ளி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, ஜெபவீடு வந்தது. நிலம் வரவில்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவனும் பெறாதவனும் மறுநாள் காலையில் அதே ஆண்டையின் வயலில்தான் இறங்கினார்கள். மோட்சத்தில் பங்கு கிடைக்கும் என்று சொன்னவர்கள், களத்து மேட்டில் பங்கு கேட்கச் சொல்லவில்லை.

1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. வெள்ளையன் கப்பலேறினான். அவனுடைய பட்டாளத்துச் சர்ச்சில் இன்று தென்னிந்தியத் திருச்சபை ஆராதனை நடத்துகிறது. நம்மவர்கள் உட்காருகிறார்கள். எந்தச் சிப்பாயைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களோ அந்தச் சிப்பாயின் நாட்டு ஜனங்கள், சுட்ட பட்டாளத்தின் கூடத்தில் தமிழர்களாய் அமர்ந்திருக்கிறார்கள். கட்டடத்தைக் கைப்பற்றுவது என்றால் இதுவும் ஒரு வகைதான்.

இங்கே தோல் ஷாப்புத் தோழர் ஒருவர் நமக்குப் பாடம் சொன்னார். பழைய சுவர்களைக் காட்டி, “தோழரே, இந்தப் பூச்சுக்குக் கடுக்கா போட்டிருப்பாங்க” என்றார். உண்மை. கடுக்காய் ஊறவைத்த நீரையும் வெல்லத்தையும் சுண்ணாம்பில் சேர்த்து அரைப்பது நமது கொத்தர்களின் பழைய வழக்கம். சுண்ணாம்புக் குழியில் தோலைப் போட்டு மயிர் நீக்கி, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு லண்டனுக்குக் கப்பலேற்றியது நமது பாட்டன்மாரின் தொழில். குரோமியம் பின்னால் வந்தது, பாலாற்றைக் கெடுத்தது. சுவருக்கும் சுண்ணாம்பு, கடுக்காய். தோலுக்கும் சுண்ணாம்பு, கடுக்காய். இரண்டிலும் வெந்து வெடித்தது ஒரே சாதிக் கை. அந்தக் கை தொட்டு அரைத்த சுண்ணாம்பு பீடத்தில் பூசலாமாம், அந்தக் கைக்குரியவன் பக்கத்துப் பெஞ்சியில் உட்காரக் கூடாதாம்!

இன்றைக்கு அப்படி இல்லையே என்பார்கள். பெஞ்சியைப் பொறுத்தவரை பல இடங்களில் இல்லைதான். எங்களோடு வந்தவர்களில் ஷூ கம்பெனியில் வேலை செய்து ஓய்ந்த ஒரு அம்மாள் இருந்தார். சர்ச்சு வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: “தம்பி, ஜெபம் பண்றப்போ எல்லாரும் ஒண்ணாத்தான் குந்தறோம். செத்தாத்தான் வேற வேற.” அவருடைய ஊர் எது, சபை எது என்று நாம் எழுதப்போவதில்லை. அங்கே கல்லறைத் தோட்டம் இரண்டு. ஒன்றுக்கு மதிலும் தார் ரோடும். மற்றொன்றுக்கு, மழைக் காலத்தில் முழங்கால் சேற்றில் பிணம் தூக்கிப் போக வேண்டும். இடையில் ஒரு சுவர். அந்த அம்மாளின் புருஷன் அந்தச் சேற்று வழியாகத்தான் போனார்.

வடக்கன்குளத்தில் 1910ல் இடித்த சுவர் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதல்லவா? கோவிலிலிருந்து எழுந்து கல்லறைக்குப் போய் நின்றுகொண்டிருக்கிறது.

கல்லில் கட்டாத சுவரும் ஒன்று இருக்கிறது. அது டில்லியில் கட்டியது. 1950 ஆகஸ்டில் ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று வந்தது. அதன் மூன்றாவது பாரா, இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம் பெற முடியாது என்றது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தாழ்த்தப்பட்டவர் பிற்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். விளைவு என்ன? ஒரே சேரி, ஒரே தெரு, ஒரே தோல் தொட்டி, ஒரே நாற்றம். அண்ணன் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறான். தம்பி சர்ச்சுக்குப் போகிறான். தனிப் பஞ்சாயத்தில் தலைவர் பதவிக்கு அண்ணன் நிற்கலாம், தம்பி நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் அண்ணனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, தம்பிக்கு அது எட்டாது. அடித்தவன் மட்டும் அண்ணன் தம்பி வித்தியாசம் பார்ப்பதில்லை!

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே சலுகை எதற்கு என்று டில்லியில் வாதம் செய்கிறார்கள். சபைக்குள் பெரிய மனிதர்கள் சிலரும் “எங்களிடம் சாதி இல்லை” என்று அதே பாட்டைப் பாடுகிறார்கள். இருவருக்கும் அந்த இரண்டு கல்லறைத் தோட்டங்களைக் காட்ட வேண்டும். 2022ல் இந்தப் பிரச்சினையை ஆராய ஒரு கமிஷன் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோருக்கும் பட்டியல் உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் மனுவும் தீர்மானமும் எத்தனை ஆண்டாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை 1950லிருந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

திருச்சபைத் தலைவர்களுக்கு நாம் கூறுவது இதுதான். டில்லியில் நீங்கள் உரிமை கேட்கும்போது நமது சங்கக் கொடியும் உங்கள் பக்கத்தில் நிற்கும். ஆனால் உங்கள் சொந்தக் காம்பவுண்டுக்குள் இருக்கும் சுவரை இடிக்க டில்லி உத்தரவு வேண்டியதில்லை. ஒரு கடப்பாரை போதும். நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: சேரிச் சர்ச்சு என்றால் அது பாதிரியின் விஷயம் என்று ஒதுங்கிப் போகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கூலி உயர்வுக் கூட்டத்துக்கு அழைக்கிறோம். சாவு வீட்டுக்குப் போய் மாலை போடுகிறோம். பிணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் திரும்பிவிடுகிறோம். நாமும் அப்படித் திரும்பியிருக்கிறோம்.

அன்று மாலை கோட்டையிலிருந்து திரும்பி, பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே மனு ஒன்று எழுதினோம். ஒரு பிரதி சபைக்கு, ஒரு பிரதி கலெக்டருக்கு. கல்லறைக்குப் பொது வழி வேண்டும், இடைச்சுவர் போக வேண்டும் என்று இரண்டே வாசகம். கையெழுத்துக்கு முதலில் அந்த அம்மாளிடம் நீட்டினோம். கைநாட்டு வைப்பார் என்று நினைத்து மை டப்பாவையும் எடுத்தோம். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை முழுதும் எழுதினார். மிஷன் பள்ளியில் மூன்றாவது வரை படித்தாராம். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, “பின்பக்கமும் எடம் கீது தம்பி, தெருவுல குடுத்து வாங்கியாறேன்” என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்.